பாதிப் பெயர்

இதில் நான் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. என் பெயரை எழுதாததற்கு என் வேலைதான் காரணம். கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிற அரசு ஊழியர் நான். என் தங்கையின் பெயரை எழுதாததற்குக் காரணம் வேறு. படித்து முடித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கவுண்டரில் எனக்கு முன்கோபக்காரி என்று பெயர். படிவத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்று யார் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். "மேடம், தோடா அட்ஜஸ்ட் கர்லோ" என்று கெஞ்சுவார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு அதெல்லாம் காதில் விழாது. தெற்குத் தீவில் இருக்கிற ஹட் பேக்குப் போகிற கப்பலுக்குக் கூட்டம் நெரிந்த ஒரு காலையில், பெயர் ஒத்துப்போகாத பேரனின் அட்டையோடு வந்த ஒரு பெரியவரிடம், "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எந்தப் பேரைத் தேடுறது?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. அவரும் எங்களைப் போல அந்தத் தீவில் சுனாமி அலையைப் பார்த்தவராக இருக்கலாம். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இவ்வளவு கறாராகப் பேசுகிற நான், என் வீட்டுக்குள் ஒரு தவறான பெயரோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

போர்ட் பிளேயரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் வீடு. அம்மா, தங்கை, நான். அப்பா ஆறு வருடம் முன்பு போய்ச் சேர்ந்தார். தங்கை கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மெயின்லாண்டில் நர்சிங் சேர வேண்டும் என்பது அவள் திட்டம். மற்ற நேரமெல்லாம் கையில் போன். போன மழைக்காலத்தில் ஒரு ஃபில்டர் எல்லார் போனிலும் பேயாக ஓடியது. உன் பெயரின் உண்மை மதிப்பு என்ன என்று இந்தியில் கேட்கும். பெயரைத் தட்டிவிட்டு கேமராவைப் பார்க்க வேண்டும். முகத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் விழும். தலைக்கு மேலே சக்கரம் ஒன்று சுற்றி நின்று பதில் சொல்லும். அவள் தோழி ஒருத்திக்கு 'கோடியில் ஒன்று' என்று வந்தது. பக்கத்து வீட்டுப் பெங்காலி அக்காவுக்கு 'ராணிகள் வைத்திருந்தது' என்று வந்து, அவர் இரண்டு நாள் தலைகால் புரியாமல் நடந்தார். எனக்கு வந்தது, 'பழையது, ஆனாலும் ஓடும்.' தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளுக்கு வந்ததைச் சொல்கிறேன். 'பாதி. மீதி பாதி வேறு ஒருவரிடம்.'

"க்யா பக்வாஸ், என்ன உளறல் இது," என்று மறுபடி வைத்தாள். அதே பதில். மூன்றாம் தடவையும் அதே. யாரோ பத்துப் பதினைந்து வாக்கியங்களை எழுதிப் போட்டு, சக்கரத்தைச் சுற்ற விட்டிருக்கிறான், அவ்வளவுதான். மூன்று முறை ஒன்றே வருவதும் நடக்கக்கூடியதே. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆத்தா சொல்லுது?" என்றாள்.

"என் பேருல பாதிதான் என்கிட்ட இருக்காம்மா. மீதி வேற யார்கிட்டயோ இருக்காம்."

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து தங்கைக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். அப்போதுதான் இரண்டாவது கட்டம் விழுந்தது. ஒன்று தங்கையின் முகத்தில். இன்னொன்று சின்னதாக, அம்மாவின் இடது இடுப்பில்.

"அக்கா, தேக்கோ! அம்மா இடுப்புல ஒரு மூஞ்சி இருக்குங்குது."

நான் போனை வாங்கிப் பார்த்தேன். அம்மா கட்டியிருந்தது பெரிய பூப்போட்ட நைலான் புடவை. இரண்டு கரும்பூக்களும் கீழே ஒரு மடிப்பும் சேர்ந்தால் கண்ணும் வாயும் மாதிரி இருக்கும். மெஷினுக்கு அது போதும். "புடவைடி," என்றேன். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

"இன்னொரு தடவை வை," என்றாள் அம்மா.

போனைத் தொடவே மாட்டாத அம்மா அவள். மெயின்லாண்டிலிருந்து மாமா வீடியோவில் கூப்பிட்டால்கூட, காதில் வைத்துக்கொண்டு பேசுவாள். மறுநாள் சாயங்காலம் அவளாகவே போனை எடுத்து வந்து தங்கையிடம் நீட்டினாள். அதற்கடுத்த நாளும். புடவையை நான் கவனித்தது மூன்றாம் நாள்தான். அதே பூப்போட்டது. காலையில் துவைத்து, மழையில் காயாமல் மின்விசிறிக்குக் கீழே போட்டு, சாயங்காலம் ஈரத்தோடு எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். புடவைதான் காரணம் என்று என்னைப் போலவே அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கட்டினாள்.

கேமராவுக்கு முன்னால் நிற்கும்போது அம்மாவின் இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும். இடது கை தானாக மடங்கி நிற்கும். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை.

தங்கைக்கு இது விளையாட்டு. ஒரு வீடியோவைப் போட்டுவிட்டாள். அது பற்றிக்கொண்டது. அவள் இதற்கு முன் போட்டதையெல்லாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பார்ப்பார்கள். இதை எங்கெங்கிருந்தோ பார்த்தார்கள். ஆன்ட்டி இடுப்பில் யார், அந்த வீட்டில் குழந்தை ஏதும் செத்திருக்கிறதா, இரவில் அழுகைச் சத்தம் கேட்குமா என்று இந்தியிலும் பெங்காலியிலும் தமிழிலும் கேள்விகள். தங்கை எல்லாவற்றுக்கும் பதில் போட்டாள். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை, நான்தான் சுனாமியில் பிழைத்த குழந்தை, ஒன்றரை வயதில் அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடினார் என்று எழுதினாள். அவள் எப்போதும் எல்லாரிடமும் சொல்கிற கதைதான். பள்ளியில் அதைக் கட்டுரையாக எழுதிப் பரிசும் வாங்கியிருக்கிறாள். அந்தக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தவள் நான்.

"பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்தக் கட்டம் அசைகிறதா, பாருங்கள்" என்று யாரோ கேட்டிருந்தார்கள். அதுதான் வினையாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, ஊறுகாய் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்தாள் தங்கை. அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். இருவர் முகத்திலும் கட்டம் விழுந்தது. இடுப்பில் ஒன்றுமில்லை. "அம்மா, என் பேரைச் சொல்லிக் கூப்பிடு," என்றாள்.

அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஆத்தா, தாயி, கோபம் வந்தால் ஏய். ராம்நாடு பக்கத்து அம்மாக்கள் அப்படித்தான் என்று தங்கை தோழிகளிடம் சொல்வாள். என்னை மட்டும் அம்மா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள் என்பதை அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

அம்மா கூப்பிட்டாள். இருபது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வாயில் கேட்கிறேன். கடைசி எழுத்தை நீட்டி, குழைத்து, நடை பழகுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. அந்தக் குரல் இன்னும் அவளுக்குள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இடுப்பில் கட்டம் விழுந்தது. விழுந்து, கொஞ்சம் நடுங்கி, நின்றது.

"என்னம்மா?" என்றாள் தங்கை சிரித்துக்கொண்டே.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ இல்ல ஆத்தா," என்றாள்.

போன் அது பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருந்தது. தங்கை அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"க்யா மத்லப் அக்கா, என்ன அர்த்தம்? நான் இல்லன்னா வேற யாரு?"

நான் போனை அணைத்தேன். அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சொல்கிற வேலை எனக்கு வந்தது. இருபது வருடமாக என் முறை எப்போது வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவளை உட்காரவைத்துச் சொன்னேன்.

ஹட் பேயில் அப்பாவுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை. வீடு கடலுக்குப் பக்கம். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். முதலில் நிலம் ஆடியது. பிறகு கடல் எழுந்தது. எனக்குப் பத்து வயது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். அம்மா பின்னால், இடுப்பில் ஒன்றரை வயதுப் பாப்பாவோடு. மேட்டில் எங்களிடம் வந்து சேர்ந்தபோது அம்மாவின் கை பிள்ளையைத் தாங்குகிற மாதிரியே மடங்கியிருந்தது. பிள்ளை இல்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. நான்தான் முதலில் பார்த்தேன்.

காட்டுமேட்டில் சில நாள் கிடந்தோம். பிறகு காணாமல் போனவர்களின் பெயரை எழுத ஆட்கள் வந்தார்கள். அப்பா எழுந்து போனார். அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பேரைக் குடுத்தா புள்ள போயிருச்சுன்னு ஆயிரும். குடுக்காதீக," என்றாள். அப்பா கொடுக்கவில்லை. இருக்கிறவர்களின் பட்டியலுக்கு வந்தபோது நான்கு பெயர் சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். நிவாரண கேம்ப்பில் நான்கு பேருக்கு அரிசி கொடுத்தார்கள். அவள் பங்கையும் நாங்கள்தான் தின்றோம்.

ஒரு வருடம் சொச்சம் கழித்துத் தகரக் கொட்டகையில் இவள் பிறந்தாள். பிறப்பைப் பதிய அப்பா போகவில்லை. ஓடும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த பிளாஸ்டிக் பையில் ஒரு பெண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பத்திரமாக இருந்தது. பட்டியலில் பெயர் இருந்தது. ஒரு குழந்தையும் வந்துவிட்டது. "வந்துட்டா," என்றாள் அம்மா. இவள் பேச்சு பழகுமுன் எங்களைத் தெரிந்தவர் யாரும் இல்லாத கராச்சர்மாவுக்கு வந்துவிட்டோம். கேம்ப் பிள்ளைகள் பலர் பிந்தித்தான் பள்ளியில் சேர்ந்தார்கள். வயதுக்கு ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

தங்கை கேட்டு முடித்து, "அப்பா என்னைத் தோள்ல போட்டுட்டு ஓடினது?" என்றாள்.

"என்னைத்தான் இழுத்துட்டு ஓடினாரு. அப்ப நீ பொறக்கல."

"எனக்கு ஞாபகம் இருக்கே, அக்கா. அப்பா தோள்ல இருந்து தண்ணியப் பார்த்தேன். ஒரு பச்சைக் கதவு மெதந்து போச்சு."

பச்சைக் கதவு எங்கள் வீட்டுக் கதவு. அதை நான் அவளிடம் எப்போதாவது சொல்லியிருப்பேன். சொல்லியிருக்கத்தான் வேண்டும். எவ்வளவு யோசித்தும் சொன்ன நாள் நினைவுக்கு வரவில்லை.

"இப்ப எனக்கு என்ன வயசு?"

"பத்தொம்போது."

"சர்ட்டிபிகேட்ல இருபத்திரண்டு." உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் தன் பெயருக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிக் கூப்பிடுவார். இவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல நிமிர்ந்து சுற்றிலும் பார்ப்பாள். அப்படிப் பார்க்கும்போது நானும் சேர்ந்து பார்ப்பேன். கல்லூரியில் வருகை எடுக்கும்போதும் வாய் திறப்பதில்லை என்று அவள் தோழி என்னிடம் வந்து சொன்னாள். போனில் ஃபில்டரை அழித்துவிட்டாள். வீடியோவையும் எடுத்துவிட்டாள். ஆனால் சாயங்காலம் அம்மா பூப்போட்ட புடவையோடு வந்து நின்று, "வை ஆத்தா," என்றால், போனை அணைத்தபடியே உயர்த்திப் பிடித்தாள். அம்மா கறுப்புத் திரைக்கு முன்னால் இடுப்பைச் சாய்த்து நின்றாள். இரண்டு பேரும் அப்படியே நிற்பதை மூன்று சாயங்காலம் பார்த்தேன்.

நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கொடியிலிருந்து அந்தப் புடவையை உருவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் அமுக்கினேன். மதியத்துக்குள் பூவெல்லாம் வெளுத்து மஞ்சள் கறையாகிவிட்டது. அம்மா அதை எடுத்துப் பிழிந்து உதறிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் செய்தது அசிங்கமான வேலை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

தங்கை அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "நான் பொறந்தப்ப எனக்குன்னு ஒரு பேரு யோசிச்சியாம்மா?"

"நீ பொறந்தேன்னே நான் நெனைக்கல, ஆத்தா," என்றாள் அம்மா. "திரும்பி வந்துட்டேன்னுதான் நெனைச்சேன்."

"இப்பவும் அப்படியா?"

"இல்ல. நீ தவழ ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சு போச்சு. அவ எதுக்கும் இடது கையைத்தான் நீட்டுவா. நீ வலது கை. அவ அழுதா சத்தமே வராது. நீ ஊரைக் கூட்டுவ."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா அவ பேரு போயிருமே. அது ஒண்ணுதானே அவகிட்ட இருந்துச்சு. அதையும் உனக்குக் குடுத்துட்டேன். வாய் விட்டுக் கூப்பிட்டா நீ வந்துருவியேன்னு கூப்பிடவும் முடியல."

தங்கை அழுதாள். சத்தமாகத்தான் அழுதாள். அம்மா அவள் தலையைத் தொடக் கையைத் தூக்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னவள் தங்கைதான். நான் குறுக்கே விழுந்தேன். ஒருத்தி செத்ததை இருபது வருடம் பிந்திப் பதிய வேண்டும், ஒருத்தி பிறந்ததைப் பத்தொன்பது வருடம் பிந்தி. இதைப் போய்ச் சொன்னால் பள்ளிச் சான்றிதழ் என்னாகும், ஆதார் என்னாகும், நர்சிங் சீட் என்னாகும், கையில் ஒரு காகிதமும் இல்லாமல் நிற்பாயே என்று கத்தினேன். என் வேலையை நினைத்தும் பயந்தேன். அதை வெளியே சொல்லவில்லை.

"ஊர்க்காரங்க பேரு ஒத்துப் போகலன்னா கப்பல் ஏத்த மாட்டே," என்றாள். "என்னை மட்டும் எப்படி அக்கா ஏத்தி விடுவ?"

சரி, அப்படியானால் உனக்கென்று நல்லதாக ஒரு புதுப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஊருக்கே இப்போது புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். டாலிகஞ்ச் ரூட் பஸ் கண்டக்டர் இன்னும் போர்ட் பிளேயர் என்றுதான் கூவுகிறார். இருந்தாலும் காகிதத்தில் மாறிவிட்டதே என்றேன்.

அவள் சொன்னாள், "அவ ஒன்றரை வருசம் வெச்சிருந்தா. நான் பத்தொம்போது வருசம். டீச்சர்கிட்ட அடி வாங்குனது இந்தப் பேர்ல. டைபாய்டுல கெடந்தப்ப அப்பா ஆஸ்பத்திரியில எழுதுனது இந்தப் பேரு. அவ பாதி அவளுக்கே இருக்கட்டும். என் பாதியை நான் ஏன் விடணும்?"

இரண்டு மனுக்களையும் நான்தான் நிரப்பினேன். இறப்புக்கு ஒன்று, பிறப்புக்கு ஒன்று. அப்பா பெயர் ஒன்று, அம்மா பெயர் ஒன்று, குழந்தையின் பெயர் ஒன்று. என் கையெழுத்தில் அந்தப் பெயர் இரண்டு தாளிலும் ஒரே மாதிரி இருந்ததைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை. மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்ற இடத்துக்கு வந்தபோது அம்மாவைப் பார்த்தேன். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், கணக்கெடுக்க வந்தவர்களிடம், யார் கேட்டாலும் இரண்டு என்று சொல்லி வந்தவள்.

"மூணுன்னு எழுது," என்றாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் என் கவுண்டரில் எப்படிப் பார்ப்பேனோ அப்படி. திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். இதற்கு மாஜிஸ்திரேட் வரை போக வேண்டியிருக்கும், மாதக்கணக்கில் ஆகும், கேம்ப் பட்டியலையெல்லாம் தேட வேண்டும் என்று இந்தியில் சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்காருங்கள், கூப்பிடுகிறேன் என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். மழை விட்டிருந்தது. அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து கிளார்க் தாளைப் பார்த்து அந்தப் பெயரை உரக்கப் படித்தார்.

உடனே யாரும் எழவில்லை. நாங்கள் மூன்று பேரும், வேறு யாரோ பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். கதவுத் திரை ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபடி தன் இடத்துக்கு வந்தது. கிளார்க் இன்னொரு முறை கூப்பிட்டார். அம்மா எழுந்தாள். அதே நேரத்தில் தங்கையும் எழுந்தாள்.

கிளார்க் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதை முதலில் எடுக்கட்டும், பிறப்பா இறப்பா என்று கேட்டார்.

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடது கை மடங்கியிருந்தது. அதை மெதுவாகக் கீழே தொங்கவிட்டாள். பிறகு தங்கையை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "மொதல்ல நீ போ," என்றாள்.